ஆட்காட்டிக்கு மாற்று இடம்

பறவை பார்க்கப் போகிற கூட்டம் அளவுக்குப் பறவையைப் பார்க்காத கூட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

திண்டிவனத்தில் நாங்கள் குடியிருக்கும் நகரில் இயற்கை ஆர்வலர் குழு என்று ஒன்று இருக்கிறது. நகர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைந்துகொண்டிருந்த நிலத்தில் வரிசையாகக் கல் நட்டு, இரண்டு மழைக்குத் தாங்குகிற மாதிரி ஒரு தார்ச்சாலை போட்டு, முகப்பில் வளைவு கட்டிவிட்டால் எங்கள் பக்கம் அது நகர். குழுவுக்குத் தலைவர், அந்த நிலத்தை வாங்கி மனை போட்டு விற்றவர். அங்கிருந்த பனை, ஈச்சை, புதர், புற்று எல்லாவற்றையும் பெயர்த்துத் தள்ளி முடித்தபிறகு அவருக்கு இயற்கையின்மேல் ஆர்வம் வந்தது. செயலாளர் என் கணவர். உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊதுவதற்கு விசில் இருந்தது, ஓடுவதற்குப் பிள்ளைகள் இல்லை என்று வீட்டில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். குழு வந்து என்னைக் காப்பாற்றியது என்றுகூட ஆரம்பத்தில் நினைத்தேன்.

எனக்கு விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வீடு. நடுவில் நகரில் என்ன நடக்கிறது என்பதெல்லாம் எனக்குக் கைப்பேசியில் குழு அனுப்புகிற படங்களைப் பார்த்துத்தான் தெரியும். தினமும் காலையில் மயில் படம் போட்டு வணக்கம் சொல்வார்கள்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழுவெளி ஏரிக்கு வேன் வைத்துப் போனோம். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கிளிப்பச்சை நிறத்தில் பனியன். வேனில் பாட்டுப் போட்டார்கள். ஏரிக்கரையில் இறங்கியும் அதை நிறுத்தவில்லை. இறங்கியவர்களை வரிசையில் நிற்க வைக்க என் கணவர் விசில் ஊதினார். கிட்டத்தில் இருந்த கொக்கு, நாரை எல்லாம் எழுந்து ஏரியின் அந்தப் பக்கம் போய்விட்டன. "எல்லாம் பறக்குது பாருங்க, போட்டோ எடுங்க" என்று அதையும் பெருமையாகத்தான் சொன்னார்.

அவர்களுக்குத் தேவைப்பட்டது பூநாரை. செய்தித்தாளில் வந்திருந்ததாம். இளஞ்சிவப்பாக இருக்குமே, அது எங்கே, அது எங்கே என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டே நடந்தார்கள். அது அன்றைக்கு வரவில்லை. அவர்கள் கால்மாட்டில் உள்ளான் கூட்டம் ஒன்று சேற்றைக் குத்திக்கொண்டே ஓடியது. எத்தனையோ ஆயிரம் மைல் தாண்டி வந்த பறவை. நான் ஒருவரிடம் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு என் கணவரைப் பார்த்தார்.

"இன்னா சார் இது, குருவியக் காட்டுறதுக்கா இம்மாந்தூரம் இட்டாந்தீங்க?"

பிறகு எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று குழுப் படம் எடுத்துக்கொண்டோம். தட்டுகளை அங்கேயே போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். நான் குனிந்து பொறுக்கியபோது, விடுங்க மேடம், காத்துல போயிடும் என்று தலைவரே ஆறுதல் சொன்னார்.

எனக்கு இந்த ஏரி, சரணாலயம், பைனாகுலர் எதுவும் வேண்டாம். என் வீட்டுப் பின்புறமே போதும். ஒரு கொய்யா, ஒரு முருங்கை, சாக்கடைத் தண்ணீரில் தானாகத் தழைத்த வாழை. அதில் தவிட்டுக்குருவிகள் காலையிலேயே ரேஷன் கடை வாசல் மாதிரிச் சண்டை பிடித்துக்கொண்டு வரும். கீரி ஒன்று மதிலோரமாக வந்து, என்னை ஓர் ஆளாகவே மதிக்காமல், துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் மூக்கை நுழைத்துப் பார்த்துவிட்டுப் போகும். செம்போத்தும் வரும். அதற்கு மட்டும் என் கணவரிடம் தனி மரியாதை உண்டு. செம்போத்தைப் பார்த்துவிட்டுப் போனால் போகிற காரியம் கூடிவரும் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். பறவைகளில் அவருக்கு உருப்படியாக அடையாளம் தெரிந்தது அது ஒன்றுதான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் பூங்காவுக்கு என்று ஒதுக்கிய இடம். வரைபடத்தில் அங்கே ஊஞ்சலும் சறுக்குமரமும் இருந்தன. தரையில் சரளைக்கல், காய்ந்த புல், மூலையில் ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். அதனால்தான் அங்கே உயிர் இருந்தது. ஓணான் இருந்தது, சில காலைகளில் கவுதாரி கத்தும், ஒருமுறை முயல்கூடப் பார்த்தேன். நகரில் மற்ற இடமெல்லாம் வீடாகிவிட்டதால் ஓடி வந்து ஒண்டிய உயிர்கள்.

வைகாசிக் கடைசியில் அந்தச் சரளையில் ஒரு ஆட்காட்டிக் குருவி முட்டை வைத்தது. மாடியில் துணி காயப்போடும்போது கண்டுபிடித்தேன். சும்மா பார்த்தால் தெரியாது. கூடு என்று ஒன்றும் கிடையாது, நாலு பொடிக்கல்லை ஒதுக்கி நடுவில் நாலு முட்டை, கூர்முனையெல்லாம் உள்பக்கம் பார்த்தபடி. கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசமே இல்லை. தாய் எழுந்து நகர்ந்த ஒரு கணத்தில்தான் எனக்குப் பிடிபட்டது.

அந்த வெயிலில் அது எப்படி அடைகாத்தது என்பதைத்தான் நான் தினமும் பஸ்ஸுக்குப் போகும்முன் நின்று பார்ப்பேன். நிழல் கிடையாது. ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றி உட்காரும். தெருக்குழாய்க்குப் பக்கத்தில் தேங்குகிற தண்ணீரில் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட ஓடிவந்து முட்டைமேல் உட்காரும். முட்டை வெந்துவிடக் கூடாது என்று தண்ணீர் கொண்டுவருகிறது. நாய் வந்தால் ஒன்று எழுந்து கத்திக்கொண்டே வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகும், மற்றது அசையாது. எங்கள் அலுவலகத்தில் இரண்டு பேர் மாற்றி மாற்றி ஒரு கவுண்டர் ஜன்னலில் உட்கார வேண்டும் என்றால் சங்கத்தைக் கூட்டுவார்கள். அந்தப் பறவைகள் என்னைக் கவர்ந்துவிட்டன. அவை பொரித்து, குஞ்சுகள் அந்தச் சரளையில் ஓடுவதைப் பார்த்தால் போதும், அந்த வருடத்துக்கு எனக்கு வேறெதுவும் வேண்டாம் என்று இருந்தது.

அப்போதுதான் குழு பூங்கா இடத்தில் குறுங்காடு அமைக்கத் தீர்மானித்தது. ஜேசிபி வைத்துப் புல்லைச் சுரண்டி, குழி எடுத்து, நெருக்கமாக மரக்கன்று நடுவது. சென்னையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், தலைவருக்கு வேண்டியவர், முதல் கன்றை நட வருகிறார். பெண்களுக்கும் பொறுப்பு கொடுத்திருந்தார்கள். கோலம், ஆரத்தி, மோர்.

அன்று சாப்பிடும்போதே கணவரிடம் சொன்னேன்.

"அங்க ஆக்காட்டி அடைகாத்துக்கினு கீது. இன்னும் ரெண்டு வாரம் தள்ளிப் போடுங்க. இல்லன்னா அந்த எடத்த மட்டும் வுட்டுட்டு மீதில நடுங்க. நாலு கல்லு வெச்சி அடையாளம் காட்டறேன்."

"பாத்துக்கறேன்" என்றார்.

மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். அவருக்கு முட்டை தெரியவில்லை. அங்கே ஒன்றும் இல்லையே என்றார். பறவை உட்கார்ந்திருக்கிறதே அதற்கு அடியில் என்றேன். சும்மா குந்திக்கினு கீது என்றார். ஜேசிபி வரும் நாளுக்கு முன்தினம் வாசலில் நிறுத்தி மறுபடியும் சொன்னேன். பாத்துக்கறேன்னு சொன்னேன் இல்ல, என்று எரிந்து விழுந்தார்.

நடுவில் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்துவிட்டு அவரிடமும் நேராகக் கேட்டேன்.

"மேடம், இப்ப ஒரு பறவ இருக்குது. மரம் வந்தா ஆயிரம் பறவ வரும்" என்றார்.

"இது மரத்துல உக்கார்ற பறவ இல்லீங்க. கிளையப் பிடிக்கிற மாதிரி அதுக்குக் கால் கிடையாது. வெட்டவெளி இருந்தாத்தான் அது இருக்கும்."

அவர் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். வீட்டில் சின்னப்பிள்ளை ஏதாவது உளறினால் விருந்தாளி சிரிக்கிற சிரிப்பு.

"பறவன்னா மரத்துலதான் மேடம் உக்காரும். சரி, உங்க மனசு கஷ்டப்பட வேணாம். அதுக்கு ஒரு மாத்து எடம் குடுத்துடலாம்."

இந்த நிலத்தில் மனை போட்ட காலத்தில் கிணற்றுமேட்டில் குடிசை போட்டிருந்தவர்களுக்கும் அவர் இதே சொல்லைத்தான் சொன்னார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. மாற்று இடம் கொடுத்தாகிவிட்டது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். என் கணவர் அந்த யோசனையைக் கேட்டு நெகிழ்ந்துபோனார். தலைவருக்கு எவ்வளவு பெரிய மனசு என்று ராத்திரிச் சாப்பாடு வரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கோ, அவர் வாயில் சாம்பாரை ஊற்றி அடைக்கலாம் போல இருந்தது.

ஜேசிபி வருகிற நாளுக்கு நான் லீவு கேட்டேன். கிடைக்கவில்லை. அது சனிக்கிழமைதான், ஆனாலும் மேலதிகாரி ஆய்வுக்கு வருகிறார், ஒருவரும் விடுப்பு எடுக்கக் கூடாது. ஜேசிபி வந்தபோது நான் விழுப்புரத்தில் இருந்தேன். சாயங்காலம் திண்டிவனம் பஸ்ஸில் விக்கிரவாண்டி தாண்டும்போது கைப்பேசியைத் திறந்தேன். படம் வந்திருந்தது. என் கணவர் முட்டிபோட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் பூக்கூடை. கூடைக்குள் வைக்கோல், வைக்கோலுக்கு மேல் பஞ்சு, பஞ்சின்மேல் அந்த நாலு முட்டை. பின்னால் தலைவர் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுகிறார். அடியில் எழுதியிருந்தது: இயற்கையைக் காப்போம், பறவைக் குடும்பம் மீட்பு. வரிசையாகக் கைகூப்பியும் கைதட்டியும் பொம்மைகள். பறவைக் குடும்பத்தில் பெற்றவர்கள் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

வீட்டுக்குப் போகாமல் நேரே பூங்கா இடத்துக்குப் போனேன். சரளையைக் காணவில்லை. செம்மண் குவியல் குவியலாகக் கிடந்தது. ஆட்காட்டி இரண்டும் இருந்தன. ஒன்று மண்மேட்டுக்கு அருகில் நின்றது, முட்டை இருந்த இடம் சரியாக அதுதான். கொஞ்சம் நடக்கும், திரும்பி வந்து அதே இடத்தில் நிற்கும், வயிற்று இறகு நனைந்திருந்தது. மற்றது மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது.

வீட்டுக்கு வந்தபோது கணவர் வாசலிலேயே காத்திருந்தார். என்னிடம் பாராட்டை எதிர்பார்க்கிறார் என்று முகத்தில் தெரிந்தது.

"கூடை எங்க?" என்றேன்.

"தலைவர் வீட்டு போர்டிகோவுல பத்திரமா கீது. காக்கா தூக்கிடப் போவுதுன்னு கிரில் கேட்டப் பூட்டி வெச்சிக்கிறாங்க."

"பூட்டி வெச்சிருந்தா அது எப்பிடி வந்து அடைகாக்கும்?"

"நாளிக்கி சீப் கெஸ்ட் கையால மரத்துல கட்டப்போறோம். அப்பறம் அதுங்க வந்துடும்."

"இப்பவே குடுங்க. எடுத்துக்கினு போயி அது நிக்குதே, அங்க தரைல வெச்சிப் பாக்கறேன். சூடு ஆறலன்னா ஒருவேள உக்காரும்."

"ப்ரோக்ராம்ல போட்டாச்சும்மா. பறவை இல்லம் திறப்பு விழான்னு ப்ளெக்ஸே அடிச்சாச்சி. ஒரு ராத்திரில இன்னா ஆய்டப் போவுது?"

நான் தலைவர் வீட்டுக்குப் போனேன். கேட் பூட்டியிருந்தது. அவர்கள் விருந்தினரை வரவேற்க மாலை, பொன்னாடை வாங்கப் போய்விட்டார்கள். கம்பிக்கு உள்ளே, செருப்பு ஸ்டாண்டின்மேல் கூடை இருந்தது. கையை விட்டுப் பார்த்தேன், எட்டவில்லை. நாலு முட்டைக்காக ஒரு அரசு ஊழியர் திருடியைப் போலக் கம்பிக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றதைத் தெருவில் போன இரண்டு பேர் பார்த்தார்கள். அவர்களும் குழு உறுப்பினர்கள்தான். காலையில் வணக்கம் சொல்லி மயில் படம் போட்டவர்கள்.

மறுநாள் ஞாயிறு. விழா நடந்தது. நான் கோலம் போடவில்லை. மதிலோரமாக நின்று பார்த்தேன். சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார், தயாராகக் குழிக்குள் நிறுத்தியிருந்த கன்றுக்கு ஒரு கைப்பிடி மண் போட்டார், கை கழுவினார். பிறகு கூடையைக் கொடுத்தார்கள். அவர் ஒரு முட்டையை எடுத்து, இரண்டு விரலில் பிடித்து, புகைப்படக்காரர் பக்கம் காட்டினார். இது என்ன பறவை என்று கேட்டார். என் கணவர் தலைவரைப் பார்த்தார். தலைவர், நீர்ப்பறவை சார் என்றார். கூடையை வேப்பமரக் கிளையில், எல்லோருக்கும் தெரிகிற உயரத்தில், சணல் கயிற்றால் கட்டினார்கள். ரிப்பன் வெட்டினார்கள். தரையைத் தவிர வேறெங்கும் கால் வைத்து இருக்கத் தெரியாத பறவைக்கு மரத்தில் தொங்குகிற வீடு. அதற்கு எல்லோரும் கைதட்டினார்கள். படித்தவர்கள், பென்ஷன் வாங்குகிறவர்கள், பிள்ளைகளைப் பொறியாளர் ஆக்கியவர்கள். இத்தனை பேரில் ஒருவருக்குக்கூட, எதிரே மண்ணில் நின்று கத்திக்கொண்டிருக்கிற அந்தப் பறவையையும் கூடையையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஒலிபெருக்கியில் பேசுவது கேட்கவில்லை என்று அதைக் கையை ஆட்டி விரட்டினார்கள்.

என் கணவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

கூட்டம் கலைந்ததும் நான் ஸ்டூல் போட்டு ஏறி முட்டைகளை எடுத்தேன். ஒரு முழு ராத்திரி, அரை நாள். கையில் கூழாங்கல் மாதிரி இருந்தன. இருந்தாலும் ஒரு ஆசை. பழைய இடத்தில் மண்ணைச் சமன்செய்து, கூர்முனை உள்பக்கமாக வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். ஆட்காட்டி வந்தது. பக்கத்தில் நின்று பார்த்தது. அதற்குள் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஹோஸ் பைப்போடு இரண்டு பேர் வந்தார்கள், அது பறந்துபோனது. அவர்கள் முட்டையைக் கண்டுபிடித்து, அடடா, விழுந்துவிட்டதே என்று பதறி, நான்கையும் மறுபடி பத்திரமாகக் கூடையில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் இறங்கி ஓடிப்போய்க் கத்தியிருக்கலாம். போகவில்லை. மாடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன்.

அடுத்து வந்த நாட்களில் என் கணவர் ஒரு காரியம் செய்தார். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை வேப்பமரத்துக்குப் போய்க் கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். யாருக்கும் படம் அனுப்பவில்லை. ஒருநாள் சாயங்காலம் வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"எப்ப பொரிக்கும்?"

"பொரிக்காது."

பிறகு சொன்னார்.

"உனக்குத் தெரியும்னா அழுத்திச் சொல்லியிருக்கலாம் இல்ல."

இத்தனை வருடத்தில் அந்த மனிதரை நான் எத்தனையோ தடவை மட்டமாக நினைத்திருக்கிறேன். அன்றைக்கு நினைத்த அளவு என்றும் நினைத்ததில்லை. பதில் சொல்லக்கூட அவருக்குத் தகுதி இல்லை என்று திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டேன். அவர் போய்க் கூடையை அவிழ்த்து, முட்டைகளைக் கொய்யாமரத்தடியில் புதைத்துவிட்டு வந்தார். நான் கேட்கவில்லை, அவராகச் செய்தார்.

ஆட்காட்டிகள் போகவில்லை. புதிய கன்றுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தன. யார் அந்தப் பக்கம் போனாலும் எழுந்து கத்தின. ராத்திரியும் கத்தின. குழுவில் ஒருவர் குரல்பதிவு அனுப்பினார்.

"சார், அந்தக் குருவி ராத்திரியெல்லாம் கத்திக்கினே கீது சார். ஒரே பேஜாராக் கீது. வீட்ல கொழந்தைங்க தூங்க மாட்டேங்குது. ஆக்காட்டி கத்துனா எழவு வுழும்னு வேற சொல்றாங்க. ஏதாச்சும் பண்ணுங்க, ஜல்தி."

கீழே பத்துப் பதினைந்து பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். ஒருவர் பட்டாசு வெடிக்கலாம் என்றார். செயலாளர் ஏற்பாடு செய்யவும் என்று தலைவர் முடித்துவைத்தார்.

செயலாளர் சாயங்காலம் கழி ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் பின்னாலேயே போனேன். அவரைத் தடுக்கத்தான் போனேன். அவர் மண்மேட்டுக்கு அருகில் போனதும் ஆட்காட்டி எழுந்தது. மேலே போய், திரும்பி, நேரே அவர் தலைக்குக் குறிவைத்து இறங்கியது. சிறகு காதில் உரசுகிற அளவுக்கு வந்து விலகியது. அவர் குனிந்துகொண்டார். மறுபடியும் வந்தது. ஓடித்தானே பழக்கம், ஓடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை.

"முட்டதான் போச்சே" என்றார், என்னைப் பார்க்காமல். "அதுக்கு இன்னும் தெரியலியா?"

"தெரியும். அதனாலதான் உங்கள வுடமாட்டேங்குது."

அவர் கழியைக் கீழே போட்டார். தலையைக் குனிந்து, அது அடுத்து இறங்கி வரும்வரை அங்கேயே நின்றார்.